நன்னடத்தை அலுவலர் கைது செய்யலாமா?

குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் வீட்டுக்கு அனுப்பலாம். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது கிடையாது. பிணைக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. மேற்பார்வையும் வேண்டும் என்று நீதிமன்றம் நினைத்தால், குறைந்தது ஓராண்டுக்கு ஒரு நன்னடத்தை அலுவலரின் பொறுப்பில் விடும்.

சரி, அந்த அலுவலர் என்னவெல்லாம் செய்யலாம்? பலர் அவரை இன்னொரு போலீஸ்காரர் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். கைது செய்யவோ, அபராதம் போடவோ, பிணையை ரத்து செய்யவோ இந்தச் சட்டம் அவருக்கு அதிகாரம் தரவில்லை. அவருடைய பலமெல்லாம் அவர் எழுதும் அறிக்கையில்தான் இருக்கிறது.

அது தண்டனைக்கு முன்பே தொடங்கிவிடும். 19 வயதுப் பையன் ஒருவன் செல்போன் திருடி மாட்டிக்கொண்டான் என்று வையுங்கள். 21 வயதுக்குக் கீழ் என்பதால், அவனைச் சிறைக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும் முன் நீதிமன்றம் இந்த அலுவலரிடம் அறிக்கை கேட்டாக வேண்டும் (6ஆம் பிரிவு). தீர்ப்புச் சொல்லும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 1962இல் சொல்லிவிட்டது. அலுவலர் அவன் குடும்பச் சூழல், குணம், உடல்நிலை, மனநிலை எல்லாவற்றையும் விசாரித்து எழுதுவார். அது ரகசிய ஆவணம். ஆனாலும் அதன் சாரத்தை நீதிமன்றம் அவனிடம் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புத் தரலாம். வக்கீல் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டிய வாய்ப்பு இது.

எங்கே தங்க வேண்டும், மது தொடக் கூடாது போன்ற நிபந்தனைகளைப் போடுவது நீதிமன்றம். அவற்றை மாற்ற வேண்டுமானால் அலுவலர் மனுப் போடலாம். ஆளையும் ஜாமீன்தாரரையும் விசாரிக்காமல் மாற்ற முடியாது. நிபந்தனையை மீறினால் அலுவலர் நீதிமன்றத்துக்கு எழுதுவார். சம்மனோ வாரண்டோ அங்கிருந்துதான் வரும். முதல் தடவை என்றால் 50 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். 1958இல் வைத்த தொகை, இன்று சிரிப்புத்தான் வரும். ஆனால் அசல் குற்றத்துக்கான தண்டனையையே அப்போது விதிக்கவும் நீதிமன்றத்தால் முடியும். ஆகவே அலட்சியம் வேண்டாம்.

14ஆம் பிரிவு அவர்மேல் சுமத்தும் கடமைகள் சிலவும் உண்டு. வேலை தேடிக்கொள்ள வழிகாட்டி உதவ வேண்டும். நஷ்டஈடு கட்டும்படி உத்தரவு இருந்தால் அதற்கும் துணை நிற்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள், இது சலுகை கிடையாது.

பரோல் வேறு கதை. அது ஏற்கெனவே சிறையில் இருப்பவருக்கு. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இதை ‘விடுப்பு’ என்கின்றன. சாதாரண விடுப்புக்கு மனுப் போட்டால் நன்னடத்தை அலுவலர் விசாரித்து அறிக்கை தருவார்; விடுவதா வேண்டாமா என்ற முடிவு அவர் கையில் இல்லை.

அலுவலரோடு ஒத்தே போகவில்லையா? அவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டின் கட்டுப்பாட்டில் இருப்பவர். தேவை என்று கருதினால் நீதிமன்றமோ மாவட்ட மாஜிஸ்திரேட்டோ வேறொருவரை நியமிக்க 13ஆம் பிரிவு இடம் தருகிறது. காரணத்தைத் தெளிவாக எழுதி மனுக் கொடுங்கள். அது முடிவாகும்வரை நிபந்தனைகளை மட்டும் மீறிவிடாதீர்கள்.