வறட்சித் திட்டத்தை அணை நிரம்பி வழியும்போதே போட்டு வைங்க

நீர் வழங்கல் திட்டமிடல்ல இருக்கறவங்க எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். அணை வத்திப்போன வருஷம் ராத்திரி பத்து மணிக்குக்கூட மீட்டிங்னு கூப்பிடுவாங்க, கேட்ட டேட்டா எல்லாம் கைக்கு வரும், பணமும் வரும். அடுத்த பருவத்துல நல்லா மழை பெஞ்சு அணை நிரம்பிடுச்சுன்னா நம்ம ஃபைல் யார் டேபிள்ல தூங்குதுன்னே தெரியாது. நிதானமா உக்காந்து யோசிக்க முடியற ஒரே காலம் அந்த நிரம்பின வருஷம்தான், ஆனா அப்போ யாரும் காது குடுக்க மாட்டாங்க.

தென்னாப்பிரிக்காவோட கேப்டவுனை எடுத்துக்கோங்க. 2014ல அவங்க அணைகள் கிட்டத்தட்ட முழுசா நிரம்பி இருந்துச்சு, அதுக்கப்புறம் 2015, 2016, 2017ன்னு வரிசையா மூணு வருஷம் மழை கைவிட்டுடுச்சு, 2018 பிப்ரவரி 1லேருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான்னு கட்டுப்பாடு போட்டாங்க. அணைகளோட மொத்த இருப்பு 13.5 சதவீதத்துக்கு இறங்கினா வீட்டுக் குழாயை மூடிட்டு பொது இடத்துல வரிசையில நின்னு ஆளுக்கு 25 லிட்டர் வாங்கிக்கணும், அதுதான் எல்லாரும் கேள்விப்பட்ட 'டே ஸீரோ'. ஜனங்க உபயோகத்தைக் குறைச்சதாலயும், விவசாயத்துக்கான பங்கைக் கட்டுப்படுத்தினதாலயும், அப்புறம் மழை வந்ததாலயும் அந்த நாள் வரவே இல்ல. நாப்பது லட்சம் பேர் இருக்கற ஊரு, நிரம்பின அணையிலேருந்து அந்த நிலைமைக்கு வர நாலு வருஷம்கூட ஆகல.

"எங்க பகுதியில சராசரி மழை நல்லாத்தானே இருக்கு"ன்னு கேக்கறவங்க நிறைய பேர். திட்டமிடல்ல என்னைப் பொறுத்தவரை ரொம்ப ஏமாத்தற நம்பர் இந்த சராசரிதான். ஒரு வருஷம் வெள்ளம், அடுத்த ரெண்டு வருஷம் பொய்ச்சுப் போச்சுன்னாலும் சராசரி பாக்க அழகாத்தான் இருக்கும். சென்னையில 2015 டிசம்பர்ல ஊரே மூழ்குச்சு, 2019 கோடையில ஏரிங்க காஞ்சு ஜோலார்பேட்டைலேருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. நடுவுல மூணரை வருஷம்தான்.

அதனால நாங்க தேடற நம்பர் வேற, 'ஃபர்ம் யீல்டு'ன்னு சொல்லுவோம். பதிவுல இருக்கறதுலயே மோசமான வருஷங்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்தாலும் இந்த அணையிலேருந்து தினமும் எவ்வளவு எடுத்தா காலியாகாம தாங்கும்ங்கற அளவு அது. சராசரியை விட கணிசமா கம்மியா இருக்கும், அதை ரிப்போர்ட்ல போட்டா "என்னங்க பயமுறுத்தறீங்க"ன்னுதான் முதல் பதில் வரும்.

பதிவே குறுகினதா இருந்தா அந்தக் கணக்கும் சறுக்கும். அமெரிக்காவோட கொலராடோ ஆத்துத் தண்ணியை 1922ல பங்கு போட்டப்போ கையில இருந்தது கொஞ்ச வருஷ அளவீடு, அதுவும் தண்ணி நல்லா ஓடின காலம். ஆத்தோட மேல் பகுதி மாநிலங்களுக்கு வருஷத்துக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி (ஒரு ஏக்கர்ல ஒரு அடி உயரத்துக்கு நிக்கற தண்ணி ஒரு ஏக்கர்-அடி), கீழ்ப் பகுதிக்கு 75 லட்சம்னு எழுதிட்டாங்க, 1944ல மெக்சிகோவுக்கு இன்னொரு 15 லட்சம். பின்னாடி மரங்களோட வளர்ச்சி வளையங்களை வச்சு பழைய காலத்து ஓட்டத்தைக் கணிச்சுப் பாத்தா ஆத்துல அவ்வளவு தண்ணி சாதாரணமா ஓடினதே இல்ல. இல்லாத தண்ணியைப் பங்கு போட்ட சண்டை நூறு வருஷம் தாண்டி இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, அந்த ஆத்து அணையோட நீர்த்தேக்கமான மீட் ஏரிக்கு முதல் தடவையா அதிகாரபூர்வ பற்றாக்குறை அறிவிச்சது 2021ல.

இன்னொண்ணு, மழை பத்து சதவீதம் குறைஞ்சா அணைக்கு வர்ற தண்ணியும் பத்து சதவீதம்தான் குறையும்னு பல பேர் நினைக்கறாங்க. அப்படி நடக்காது. காஞ்ச மண்ணு முதல் மழையை எல்லாம் தானே குடிச்சிடும், நிலத்தடி நீர்மட்டம் இறங்கிப் போச்சுன்னா ஓடைக்கு அடியிலேருந்து ஊத்தும் வராது, மிச்சம் இருக்கறதுதான் அணைக்கு. ஆஸ்திரேலியாவோட பெர்த்ல 1970கள் நடுவுலேருந்து மழை குறைஞ்சது ஆறுல ஒரு பங்கு அளவுக்குத்தான், அணைகளுக்கு வர்ற தண்ணி பாதிக்கும் கீழ போயிடுச்சு. அவங்க 2006லயே கடல்நீரைக் குடிநீராக்கற ஆலை திறந்ததுக்குக் காரணம் இதுதான்.

நியூஸ்ல "அணையில 20 சதவீதம் இருப்பு"ன்னு வந்தா அதையும் முழுசா நம்பிடாதீங்க. அடியில இருக்கற கடைசி பத்து சதவீதம் வரைக்கும் மதகு மட்டத்துக்குக் கீழ, சேறும் பாசியுமா இருக்கும், எடுத்தாலும் சுத்திகரிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். வண்டல் படிஞ்சு கொள்ளளவு குறைஞ்சிருந்து, பழைய அளவையே வச்சு சதவீதம் போட்டுக்கிட்டு இருந்தாங்கன்னா கதையே வேற.

சரி, புதுத் தண்ணிக்கு எங்க போறது? இங்க எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, முதல்ல ராத்திரி ரெண்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் உள்ள மீட்டர் ரீடிங்கைக் காட்டுங்கன்னு கேப்பேன். ஒரு வட்டாரத்துக்குத் தண்ணி போற மெயின் குழாய்ல மீட்டர் போட்டு அந்த நேரத்துல பாருங்க, எல்லாரும் தூங்கறாங்க, யாரும் குளிக்கல, துணி துவைக்கல, ஆனா முள்ளு இறங்க மாட்டேங்குது, தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு. ராத்திரியில டேங்க் நிரப்பறவங்க, ஆஸ்பத்திரி மாதிரி நியாயமா எடுக்கறவங்களைக் கழிச்சுட்டா மீதியில பெரும்பகுதி கசிவுதான். ராத்திரி பிரஷரைக் கொஞ்சம் குறைச்சாலே கசிவு குறையும், புதுக் குழாய் பெருசா பதிக்காமலே. இதுக்குத் திறப்பு விழா வைக்க முடியாது, அதனாலயோ என்னவோ பட்ஜெட்ல கடைசி வரியில இருக்கும்.

அதுக்கப்புறம்தான் பெரிய திட்டங்கள். மழையை நம்பாத ஆதாரம் ஒண்ணாவது வேணும்ங்கறதுல சந்தேகமே இல்ல, நமீபியாவோட விண்ட்ஹோக்ல 1968லேருந்து கழிவுநீரையே சுத்திகரிச்சு குடிநீரோட கலந்து குடுக்கறாங்க, சிங்கப்பூர் 2003ல நியூவாட்டர்ங்கற கழிவுநீர் சுத்திகரிப்புத் திட்டத்தை ஆரம்பிச்சுது. ஆனா எப்போ முடிவெடுக்கறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு. மெல்போர்ன் நீண்ட வறட்சியோட உச்சத்துல கடல்நீர் ஆலைக்கு ஒப்பந்தம் போட்டுது, வேலை முடிஞ்சது 2012 டிசம்பர்ல, அதுக்குள்ள மழை வந்து அணைகள் தேறிடுச்சு, முதல் தண்ணி கேட்டது 2016ல. அதை வெட்டிச் செலவுன்னு திட்டறவங்க உண்டு, நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஆனா அவசரத்துல போடற ஒப்பந்தத்துல பேரம் பேச ஏது நேரம்? நிலம், அனுமதி, டிசைன் இதையெல்லாம் நல்ல வருஷத்துலயே முடிச்சு வச்சிட்டு, இருப்பு இந்த மட்டத்துக்கு இறங்கினா கட்ட ஆரம்பிப்போம்னு எழுதி வச்சா செலவும் குறையும் பதட்டமும் குறையும்.

கட்டுப்பாடுகளுக்கும் இதே மாதிரிதான். எந்தத் தேதியில இருப்பு எவ்வளவு இறங்கினா தோட்டத்துக்குத் தண்ணி நிறுத்தறது, எப்போ ஆலைகளுக்குக் குறைக்கறது, எப்போ பாசனத்துக்கு, இதையெல்லாம் முன்கூட்டியே எழுதி எல்லார் கையெழுத்தும் வாங்கிடணும். வறட்சி நடுவுல உக்காந்து பேசினா யார் சத்தம் பெருசோ அவங்களுக்குத்தான் தண்ணி போகும், "அடுத்த வாரம் மழை வந்துடும், பொறுங்க"ன்னு ஒருத்தர் கட்டாயம் சொல்லுவாரு, அந்தப் பொறுத்த ரெண்டு மாசத்துல போன தண்ணி திரும்பி வராது.

கடைசியா ரெண்டு விஷயம், திட்ட அறிக்கைகள்ல இது ரெண்டும் இருக்கறதே அபூர்வம். முதலாவது, ஜனங்க ஏற்கனவே சிக்கனமா இருந்தா அடுத்த வறட்சியில "இன்னும் 30 சதவீதம் குறைங்க"ன்னா எதைக் குறைப்பாங்க, விரயம் எல்லாம் முன்னாடியே போயிடுச்சே, அதனால போன தடவை சேமிச்ச அளவை அப்படியே இந்தத் தடவைக்கும் கணக்குல எழுதக் கூடாது. ரெண்டாவது, தண்ணி விக்கறது குறைஞ்சா நீர் வாரியத்தோட வருமானமும் குறையும், ஆனா பம்ப், ஆள், கடன் வட்டி எல்லாம் அப்படியே நிக்கும். கேப்டவுன்ல 2018 ஜூலைலேருந்து மீட்டர் சைஸுக்கு ஏத்த மாதிரி மாசம் ஒரு நிலையான கட்டணம் சேத்தாங்க, இவ்வளவு சிரமப்பட்டு மிச்சம் பிடிச்ச எங்களுக்கு பில்லு ஏறுதான்னு ஜனங்களுக்கு வந்த கோவம் நியாயமானதுதான். இந்த ஓட்டையை எந்தப் பணத்துல அடைக்கறதுன்னும் அந்த நிரம்பின வருஷத்துலயே முடிவு பண்ணி ஜனங்ககிட்ட வெளிப்படையா சொல்லி வச்சிடணும்.