கிரானைட், பசால்ட்: எது கருங்கல்?

கிரானைட்டுக்குத் தமிழில் கருங்கல் என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் அசல் கிரானைட் பெரும்பாலும் கறுப்பே இல்லை. வெளிர்சாம்பல், இளஞ்சிவப்பு, பழுப்பேறிய வெள்ளை என்றுதான் இருக்கும். நிஜமாகவே கறுத்த பாறை பசால்ட்.

இரண்டும் தீப்பாறைகள், அதாவது பாறைக்குழம்பு ஆறி இறுகியவை. எங்கே ஆறின என்பதில்தான் முதல் வேறுபாடு.

கிரானைட் பூமிக்குள் சில கிலோமீட்டர் ஆழத்தில் மிக மெதுவாக ஆறியது. அவசரமில்லாததால் படிகங்கள் கற்கண்டு மாதிரி நிதானமாக வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருத்துவிடும். புதிதாக உடைந்த துண்டு ஒன்றை வெயிலில் திருப்பிப் பாருங்கள். மங்கலாக மின்னுவது குவார்ட்ஸ், நம் ஊர் வெங்கச்சங்கல்லும் அதுதான். தட்டையான முகத்தோடு வெள்ளையாகவோ சிவப்பாகவோ தெரிவது ஃபெல்ட்ஸ்பார். நகத்தால் கிள்ளினால் ஏடு ஏடாக வருவது காக்காய்ப்பொன். பெயரும் இதைத்தான் சொல்கிறது. இத்தாலிய மொழியில் 'கிரானீத்தோ' என்றால் மணிமணியானது. வேர், தானிய மணியைக் குறிக்கும் 'கிரானும்' என்ற லத்தீன் சொல்.

பசால்ட் தரைக்கு மேலே வழிந்து சட்டென்று ஆறியது. அதனால் மணிகள் வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. கிரானைட்டில் சிலிக்கா (மணலின் முக்கியக் கூறு) சுமார் 70 சதவீதம். பசால்ட்டில் 50 சதவீத அளவுதான். இரும்பும் மக்னீசியமும் கூடுதல், ஆகவே நிறமும் கறுப்பு, கனமும் அதிகம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் அடுக்கடுக்காகப் பரவிய இந்தப் பாறையில்தான் அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டன.

பசால்ட் என்ற பெயரின் கதை இன்னும் சுவையானது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லுக்குக் கிரேக்கத்தில் 'பசனோஸ்' என்று பெயர். அதிலிருந்து வந்த 'பசனீட்டிஸ்' என்ற சொல், பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினியின் நூலைப் படியெடுத்தவர்கள் கையில் 'பசால்ட்டிஸ்' என்று திரிந்தது என்பது பரவலான கருத்து. 1546-இல் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா, சாக்சனியின் ஷ்டோல்பன் கோட்டை நிற்கும் கறும்பாறைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். உரைகல்லுக்கு நம்மிடம் கட்டளைக்கல் என்ற பழைய சொல் உண்டு; "கருமமே கட்டளைக் கல்" என்கிறார் வள்ளுவர். ஆனாலும் அதைப் பசால்ட்டுக்குப் பெயராக்கக் கூடாது. உரைகல் ஒரு பயன்பாட்டின் பெயர், பாறை வகையின் பெயர் அல்ல.

சரி, சமையல் மேடைக்குப் போடும் 'பிளாக் கிரானைட்'? அது பெரும்பாலும் டாலரைட் அல்லது கேப்ரோ. வேதியியலில் பசால்ட்டின் உடன்பிறப்பு, பூமிக்கு உள்ளேயே ஆறியது, அவ்வளவுதான். பல்லாவரத்துக் கருங்கல்லோ சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது. கொத்தனார் இவை எல்லாவற்றையும் கருங்கல் என்றே சொல்வார். அவர் சொல்வதில் தவறில்லை, அவருக்கு வேண்டியது கல்லின் உறுதி.

நிலவியல் எழுதும்போதுதான் சிக்கல். 'எரிமலைப் பாறை' என்றால் நுரைக்கல்லும், கிரானைட் போன்ற குழம்பு தரைக்கு மேலே ஆறிய ரையோலைட்டும்கூட அதில் வந்துவிடும், ஆகவே பசால்ட்டுக்கு அது பொருந்தாது. கருங்கல்லைப் பொதுச்சொல்லாக விட்டுவிட்டு, பாடத்தில் கிரானைட், பசால்ட் என்றே எழுதலாம். தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்றால் கிரானைட்டுக்கு 'மணிப்பாறை' என் தேர்வு, மூலச்சொல்லின் பொருளும் அதுவே. பசால்ட்டுக்கு 'கறும்பாறை' ஓரளவு சரிவரும்.