மாட்டுச் சாணமும் பச்சை வல்லாரையும்

சர்க்கரைக்கு நல்லது என்று வல்லாரையைப் பச்சையாக அரைத்துக் குடிப்பவர்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் இப்போது நிறையப் பேர். வயிற்றுப்போக்கோடு கிளினிக்குக்கு வருபவரிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், "வெளிச்சாப்பாடே இல்லை டாக்டர், எல்லாம் வீட்டுக் கீரைதான்" என்பார், கொஞ்சம் பெருமையாகவே. என்ன உரம் என்று கேட்டால், "ஆட்டுப் புழுக்கைதான். மருந்தே அடிக்கிறதில்லை." கீரைதான் காரணம் என்று எல்லா நேரமும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்தக் கேள்வியை நான் விடுவதில்லை.

எருவை நான் குறை சொல்லவில்லை. தோட்டத்து லயங்களில் நம் பாட்டிமார் அதைப் போட்டுத்தான் காய்கறி வளர்த்தார்கள். அங்கே எருக்குழி மாட்டுக் கொட்டகைப் பக்கம் தள்ளி இருக்கும். சாணமும் தழையும் மாதக்கணக்கில் அதில் கிடந்து மக்கும். விளைந்த கீரையும் பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போனது. இன்று தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீட்டுப் பின்புறத்தில் எரு மூட்டை, கீரைத் தொட்டி, பாத்திரம் கழுவும் குழாய் மூன்றும் ஒட்டியே இருக்கின்றன. நேற்று வாங்கிய சாணம் இன்று தொட்டியில், அதில் பறித்த இலை நேராகப் பிளெண்டரில். மக்கும் காலமும் போய், அடுப்பும் போய்விட்டதுதான் பிரச்சினை.

ஈ.கோலை ஓ157 என்ற கிருமி மாட்டின் குடலில் இருக்கும். மாட்டுக்கு ஒன்றும் செய்யாது. பார்த்தால் கொழுகொழுவென்றுதான் இருக்கும். கோழி எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கலாம். நாய், பூனைக் குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் நாய், பூனைக் கழிவை எந்தக் காய்கறி எருவிலும் சேர்க்கக் கூடாது. 2006-இல் அமெரிக்காவில் பச்சையாகத் தின்ற பசலைக்கீரையால் சுமார் 200 பேர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். கீரை வயலுக்குப் பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணத்திலும் அதே வகைக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அலசினால் போய்விடாதா என்று கேட்பார்கள். குறையும், முழுக்கப் போகாது. உப்புத் தண்ணீரும் வினிகரும் கூட முழு உத்தரவாதம் தராது.

இன்னொரு தப்பு நினைப்பு: வெயிலில் காய்ந்து நாற்றம் போனால் எரு தயார் என்பது. காய்வது வேறு, மக்குவது வேறு. கிருமியைக் கொல்வது சூடு. அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, திறந்த குவியலாகப் போடும் எரு குறைந்தது 15 நாள் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குள் 5 தடவையாவது கிளற வேண்டும். அந்தச் சூடு வர, குவியல் நீள அகல உயரத்தில் சுமார் ஒரு மீட்டர் இருக்க வேண்டும். சாக்கில் கட்டி மூலையில் வைத்தால் வராது. கோழி எருவில் நைட்ரஜன் அதிகம், தனியாகப் போட்டால் நாற்று கருகும், ஈ மொய்க்கும். காய்ந்த இலை, மரத்தூள் என்று தாராளமாகக் கலந்துதான் மக்க வைக்க வேண்டும்.

மக்காத எருவைப் போட்டே தீருவேன் என்றால் அதே விதிகளில் இன்னொரு கணக்கு உண்டு. உண்ணும் பாகம் மண்ணில் படும் பயிர் என்றால் எரு போட்டு 120 நாள் கழித்துத்தான் அறுவடை. மண்ணில் படாதது என்றால் 90 நாள். நம் ஊரில் கங்கோங் கீரை ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். ஆக, கீரைக்குப் பச்சைச் சாணம் என்பது எந்த வகையிலும் சரிப்படாது. கத்தரி, வெண்டைக்குக் கூட நடுவதற்கு வெகு முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும். பின்புறம் பத்தடிதான் என்பவர்கள் சூட்டில் பதப்படுத்திய கோழி எருக் குருணையை வாங்கிக்கொள்வதே மேல். சாணத்தைக் கரைத்து இலைமேல் தெளிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். நம் ஊர் மழையில் மண் தெறித்து இலையில் ஒட்டுவதே போதும். அதற்கும் செடியடியில் வைக்கோலோ காய்ந்த லாலாங் புல்லோ பரப்பிவிடலாம்.

எருக் குவியலைக் கான்வாஸ் போட்டு மூடினால் அதன் குழிவில் மழைநீர் தேங்காமல் பாருங்கள், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும். செம்பனைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கிளறும்போது பருத்த வெள்ளைப் புழுக்களையும் தேடுங்கள். செம்பனைக் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு மக்கும் குப்பையில்தான் முட்டையிடும். புழு கிடைத்தால் கோழிக்குக் கொண்டாட்டம்.

அப்புறம், சிலிப்பரோடு தோட்ட வேலை செய்வது. எருவிலும் மண்ணிலும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும். பூட்ஸும் கையுறையும் போடுங்கள், ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டதா என்று பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோய். இது எருவால் வருவதல்ல, நம் நாட்டு மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமியால் வருவது; அந்தக் கிருமி சின்ன வெட்டுக்காயம் வழியாகவே உள்ளே போய்விடும். தோட்ட வேலைக்குப் பிறகு விடாத காய்ச்சல் என்றால் மண்ணில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும். பிள்ளைக்கு இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு என்றால் போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுக்க வேண்டாம். சிறுநீர் குறைந்து முகம் வெளுத்தால் அது ஈ.கோலை தொற்று சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.