வாடகை வீட்டுக்குக் கையெழுத்துப் போடுமுன் இபிசியைப் பாருங்கள்

லண்டன் ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரே தெருவில் வரிசையாக நிற்கும் வீடுகள் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஜனவரி மாத கேஸ் பில் மட்டும் ஒன்றுபோல வராது. எந்த வீடு சூட்டைப் பிடித்து வைக்கும், எது தெருவுக்கு விட்டுவிடும் என்பதைக் குடிபோகுமுன்னரே ஓரளவு தெரிந்துகொள்ள இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு சான்றிதழ் உண்டு. பெயர் எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் சர்டிபிகேட், சுருக்கமாக இபிசி. 2007இல் வந்தது, 2008 அக்டோபரிலிருந்து வாடகை வீடுகளுக்கும் கட்டாயமானது. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறு.

வீட்டை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் இது வேண்டும். ஒருமுறை எடுத்தால் 10 வருடம் செல்லும். எடுப்பது வீட்டுக்காரர் செலவு. குடிவருபவருக்குப் பிரதியை இலவசமாகத் தர வேண்டும், விளம்பரத்திலும் தரத்தைப் போட வேண்டும். தரவில்லையென்றாலும் பரவாயில்லை, நீங்களே பார்க்கலாம். அரசின் இபிசி பதிவேடு எல்லோருக்கும் திறந்தது. போஸ்ட்கோடு போட்டால் அந்தத் தெருவில் சான்றிதழ் எடுத்த வீடுகள் வந்துவிடும். பக்கத்து வீட்டின் தரத்தையும் பார்க்கலாம். வம்புக்கு இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு தரங்கள். 69 முதல் 80 புள்ளி வரை 'சி', 55 முதல் 68 வரை 'டி', 39 முதல் 54 வரை 'இ'. அதற்குக் கீழே 'எஃப்', 'ஜி'. தரத்தை மிக அதிகமாகத் தீர்மானிப்பது வீட்டின் வயது. பக்கத்துக் கவுன்சில் பகுதியான டவர் ஹேம்லட்ஸ் இந்தக் கணக்கில் நாட்டின் முன்வரிசையில் நிற்பதற்குக் காரணம் அங்கே எழும்பிய புது அடுக்குமாடிகள். ஈஸ்ட் ஹாமில் 1900ஐ ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள் ஏராளம். அவற்றின் சுவருக்குள் இடைவெளி கிடையாது, அதனால் அதற்குள் இன்சுலேஷன், அதாவது சூடு காக்கும் பொருள், அடைக்க வழியில்லை. முன்சுவரைப் பாருங்கள்: நீளச் செங்கலுக்கு நடுநடுவே செங்கலின் குட்டை முகம் தெரிந்தால் பெரும்பாலும் அந்த வகைச் சுவர்தான்.

எழுத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். புள்ளி என்பது வழக்கமான ஒரு குடும்பம் அங்கே வாழ்ந்தால் சதுர மீட்டருக்கு எரிபொருளுக்கு எவ்வளவு பணம் செலவாகும் என்ற கணக்கு. உங்கள் வீட்டில் பகல் முழுவதும் ஆள் இருந்தால் பில் கூடத்தான் வரும். இங்கே மின்சாரம் கேஸைவிட விலை அதிகம் என்பதால், மின் ஹீட்டர் வைத்த பிளாட்டின் புள்ளியும் குறையும். சான்றிதழில் கீழே சுவர், கூரை, ஜன்னல், பாய்லர் என்று தனித்தனி வரிகள் இருக்கும். அவற்றில் 'அனுமானம்' (assumed) என்று குறித்திருந்தால், சான்றிதழுக்காக வீட்டை அளவிட வந்தவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை, வீட்டின் வயதை வைத்து எழுதியிருக்கிறார் என்று பொருள். என்னைக் கேட்டால் எழுத்தைவிட இந்த வரிகள்தான் முக்கியம். சான்றிதழின் தேதியையும் பாருங்கள்: ஒன்பது வருடத்துக்கு முந்தையதென்றால் பாய்லரே மாறியிருக்கலாம்.

வாடகை வீட்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்சத் தரம் 'இ'. 2018 ஏப்ரல் 1 முதல் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கு, 2020 ஏப்ரல் 1 முதல் பழைய ஒப்பந்தங்களுக்கும். 'எஃப்' அல்லது 'ஜி' வீட்டை வாடகைக்கு விட்டால் கவுன்சில் 5,000 பவுண்டு வரை அபராதம் போடலாம். விலக்கு உண்டு: 3,500 பவுண்டு வரை செலவழித்தும் 'இ' எட்டவில்லையென்றால், வீட்டுக்காரர் அதை விலக்குப் பதிவேட்டில் பதிந்து தொடரலாம். பதியாமல் சும்மா 'விலக்கு இருக்கிறது' என்று வாயால் சொல்வது செல்லாது. புகாரைக் கவுன்சிலின் தனியார் வாடகை வீட்டுப் பிரிவுக்கு அனுப்புங்கள். இந்தக் குறைந்தபட்சத் தரத்தை 2030க்குள் 'சி' ஆக்க வேண்டும் என்று அரசு 2025 பிப்ரவரியில் முன்மொழிந்தது.

படிக்க வந்து தனி அறை எடுப்பவர்களுக்கு ஒன்று. வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்கினால் அந்த அறைக்கென்று இபிசி கேட்க முடியாது. ஆனால் முழு வீட்டுக்கும் எப்போதோ எடுத்திருந்தால் அது பதிவேட்டில் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

சொந்த வீட்டை வாடகைக்கு விடும் நம்மவர்களும் நிறைய. லாஃப்டில் (கூரைக்கு அடியில் உள்ள இடத்தில்) இன்சுலேஷன் போட்ட ரசீது, ஜன்னல் மாற்றிய சான்று, பாய்லர் மாடல் எண் எல்லாவற்றையும் அளவிட வருபவரிடம் கையில் கொடுங்கள். அவர் சுவரைத் துளைத்தோ தரையைப் பெயர்த்தோ பார்க்க மாட்டார். காகிதம் இல்லையென்றால் நீங்கள் செலவழித்துச் செய்த வேலையும் 'அனுமானம்' கணக்கில் போய்விடும்.