வைரஸ் பாதி, உண்ணி பாதி

குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “2018-இல் நாய்களுக்கு வரும் நோய் தாக்கி அங்கே சிங்கங்கள் செத்தன என்று படித்தேன். தெருநாய்க்கு வருகிற காய்ச்சல் சிங்கத்தைச் சாய்த்துவிடுமா? நாய்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?”

முதல் கேள்விக்குப் பதில், சாய்த்துவிடும். ஆனால் எப்போதும் அல்ல. இந்த ‘எப்போதும் அல்ல’ என்பதற்குள் எனக்கு மிகவும் பிடித்த ஒரு துப்பறியும் கதை இருக்கிறது. அதைச் சொல்லத் தான்சானியாவுக்குப் போக வேண்டும்.

1994-இன் தொடக்கம். செரங்கெட்டி சமவெளிக்கு மேலே வெப்பக்காற்று பலூனில் போய்க்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள், கீழே புல்வெளியில் ஓர் ஆண் சிங்கம் வலிப்பு வந்து துடிப்பதைப் பார்த்தார்கள். அடுத்த சில மாதங்களில் பல கூட்டங்களில் இதே கதை. முகத்தசை வெட்டி இழுக்கும், நடை தள்ளாடும், அப்புறம் வலிப்பு, சாவு. செரங்கெட்டியில் இருந்த சுமார் 3,000 சிங்கங்களில் ஏறக்குறைய 1,000 மடிந்தன. இறந்த உடல்களைச் சோதித்தபோது அகப்பட்டது டிஸ்டெம்பர் வைரஸ். நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த பெயர்தான், குட்டிக்குத் தடுப்பூசி போடும்போது கால்நடை மருத்துவர் சொல்லும் பட்டியலில் இருப்பது. நமக்கு வரும் தட்டம்மைக்கும், ஒரு காலத்தில் மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வெக்கை நோய்க்கும் இது நெருங்கிய உறவு.

நோய் வந்த வழியைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. பூங்காவைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆயிரக்கணக்கான நாய்கள். கழுதைப்புலி அந்தப் பக்கமும் போகும், சிங்கம் அடித்த இரையைத் தேடி இந்தப் பக்கமும் வரும். சிங்கங்களோ முகத்தோடு முகம் உரசிக் கொஞ்சுகிற, ஒரே இரையில் மூக்கோடு மூக்கு இடித்துத் தின்கிற பிராணிகள். மூச்சுக்காற்றில் பரவும் வைரஸுக்கு வேறென்ன வேண்டும்?

சரி, நாயிடமிருந்து வைரஸ் வந்தது, சிங்கம் செத்தது, இத்தோடு முடிந்தது என்று மூடிவிட்டுப் போயிருக்கலாம். போகாமல் இருந்ததுதான் நல்லதாயிற்று.

செரங்கெட்டியில் சிங்கங்களைப் பற்றிய ஆய்வு 1966-இல் ஜார்ஜ் ஷாலர் தொடங்கியது. 1978 முதல் கிரெய்க் பேக்கர் அதை நடத்தினார். மீசை மயிர்க்கால்களின் புள்ளிகளை வைத்து ஒவ்வொரு சிங்கத்தையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, யார் பிள்ளை யார், யார் எப்போது செத்தது என்று எழுதி வைத்துக்கொண்டே வந்தார்கள். மயக்க ஊசி போட நேர்ந்தபோதெல்லாம் கொஞ்சம் ரத்தம் எடுத்து உறைபெட்டியில் வைத்தார்கள். பின்னால் லிண்டா மன்சன் என்ற கால்நடை நோயியல் வல்லுநரும் பேக்கரும் அவர்களுடைய கூட்டாளிகளும் அந்தப் பழைய ரத்தத்தை எடுத்து ஆராய்ந்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள்.

டிஸ்டெம்பர் ஒருமுறை வந்து போனால் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் தங்கிவிடும். அந்தத் தடயத்தைத் தேடினால், 1976-க்கும் 2006-க்கும் இடையில் இதே வைரஸ் குறைந்தது ஐந்து முறையாவது சத்தமில்லாமல் வந்து போயிருந்தது. சிங்கங்களுக்குத் தொற்றியும் இருக்கிறது. யாரும் சாகவில்லை, நோய் வந்ததே வெளியில் தெரியவில்லை. 1994-இல் செரங்கெட்டியிலும், 2001-இல் பக்கத்திலுள்ள ங்கோரோங்கோரோ எரிமலைக் குழியிலும் மட்டும்தான் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் போயின. அப்படியானால் அந்த இரண்டு ஆண்டுகளில் மட்டும் என்ன நடந்தது?

இங்கே உண்ணி வருகிறது.

எங்கள் வீட்டு மாட்டின் காதுமடலைப் புரட்டி உண்ணி பிடுங்குவது சின்ன வயதில் என் வேலை. ரத்தம் குடிக்காத உண்ணி எள் அளவுதான் இருக்கும். குடித்து முடித்ததோ, சாம்பல் நிறத்தில் ஆமணக்கு முத்து போல உப்பியிருக்கும். பிடுங்கிப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சியில் போடுவேன். (லத்தீனில் உண்ணிக்குப் பெயர் ரிசினஸ். ஆமணக்குச் செடியின் அறிவியல் பெயரும் அதுவே. அங்கேயும் யாரோ ஒருவர் இதே ஒற்றுமையைக் கண்டிருக்கிறார்.) அந்த உப்பலுக்குள் ரத்தத்தோடு சில ஒட்டுண்ணிகளும் இருக்கலாம். அவற்றில் ஒன்று பபேசியா. மலேரியா கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். அதைப் போலவே ரத்தச் சிவப்பணுக்குள் புகுந்து, பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

செரங்கெட்டிச் சிங்கங்களுக்குப் பபேசியா புதிது அல்ல. உடலில் கொஞ்சமாக எப்போதும் இருக்கும், உடலின் காவல் அதை அடக்கி வைத்திருக்கும். ஒரு சிங்கம் வாழ்நாள் முழுவதும் இப்படியே நலமாக இருந்துவிடலாம்.

1993-இலும் 2000-இலும் கடும் வறட்சி. காட்டெருமைகள் தீனியில்லாமல் எலும்பும் தோலுமாகின. மெலிந்த உடலில் உண்ணிகள் மொய்த்தன. மழை திரும்பியதும் உண்ணிகள் இன்னும் பெருகின. சிங்கத்துக்கு எருமை சாதாரணமாக எளிதில் மசியும் இரை அல்ல, கொம்பால் குத்திக் கிழித்துவிடும். இப்போதோ நிற்கவே தெம்பில்லாமல் கிடந்தது. சிங்கங்கள் எருமையாகத் தின்றன. எருமை மேல் இருந்த உண்ணிகள் சிங்கத்தின் மேல் ஏறின. பபேசியாவின் அளவு வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடியது.

சரியாக அந்த நேரத்தில் டிஸ்டெம்பர் வந்தது. அந்த வைரஸ் முதலில் கைவைப்பது வெள்ளணுக்களில். அவற்றின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, அவற்றைக் கூட்டமாக அழிக்கும். தட்டம்மை வந்த குழந்தைக்கு அடுத்தடுத்து வேறு நோய்கள் தொற்றுவதும் இதனால்தான். வெள்ளணுக்கள் மீண்டும் உருவாகச் சில வாரங்கள் ஆகும். மற்ற ஆண்டுகளில் சிங்கங்கள் அந்தச் சில வாரங்களைக் கடந்துவிட்டன. 1994-இலும் 2001-இலும் அடக்கி வைத்திருந்த பபேசியா காத்திருந்தது போல எழுந்தது. சிவப்பணுக்கள் உடைந்தன, ரத்தம் சோகை பிடித்தது, சிங்கம் விழுந்தது. பபேசியா அதிகமாக இருந்த கூட்டங்களில்தான் சாவும் அதிகம் என்று உறைபெட்டி ரத்தம் காட்டிக்கொடுத்தது.

வானம் பொய்த்தது, எருமை மெலிந்தது, உண்ணி பெருகியது, எங்கோ ஒரு நாய்க்குக் காய்ச்சல் வந்தது. இத்தனையும் ஒரே சிங்கத்தின் உடம்பில் வந்து சேர்கின்றன. இதை முதன்முதலில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யாருக்கு எப்போது பயன்படும் என்று தெரியாமலே எடுத்து வைத்த ரத்தம் அது. ‘இதனால் உடனடிப் பயன் என்ன?’ என்று மூன்று ஆண்டுக்கொரு முறை கேட்டு நிதியை நிறுத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்படி நிறுத்தியிருந்தால் இந்த விடை கிடைத்திருக்காது. நீண்டகால ஆய்வுக்குக் கேள்வி கேட்காமல் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, மனிதர் என்ன செய்தார்கள் என்பதற்கு வருவோம்.

செரங்கெட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். டிஸ்டெம்பரோடு வெறிநாய்க்கடி நோய்க்கும் சேர்த்து என்பதால் மனிதர்களுக்கும் நல்லது. ஆனால் 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, நாய்களில் நோய் குறைந்த பிறகும் சிங்கங்களுக்கு வைரஸ் தொற்றிக்கொண்டே இருப்பதைக் காட்டியது. வேறு காட்டு விலங்குகளிலும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. வாசகரின் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். நாய்க்கு ஊசி கட்டாயம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது.

ங்கோரோங்கோரோவில் செய்தது வேறு. அங்கே குழிக்குள் குடியிருந்த மாசாய் மக்களை 1974-இல் வெளியேற்றியிருந்தார்கள். மாடு மேய்க்கும் மாசாய்கள் பழைய புல்லுக்கு அவ்வப்போது தீ வைப்பது வழக்கம். அவர்கள் போனதும் தீயும் நின்றது, புல் உயர்ந்தது. உண்ணிக்கு உயரமான புல்லைப் போல வசதியான இடம் கிடையாது. நுனியில் ஏறிக் கால்களை விரித்துக்கொண்டு, உரசிப் போகும் உடம்புக்காகக் காத்திருக்கும். 2001-க்குப் பிறகு பூங்காக்காரர்களே கட்டுப்பாடாகத் தீ வைத்துப் பார்த்தார்கள். எரித்த இடங்களில் உண்ணி வெகுவாகக் குறைந்தது. மாசாய்களின் பழக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிய காலம் போய், அதையே அறிவியலாகத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

அந்தக் குழிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1962-இல் பெருமழைக்குப் பிறகு, ரத்தம் குடிக்கும் ஒருவகை ஈ அங்கே கோடிக்கணக்கில் பெருகிச் சிங்கங்களை மொய்த்தது. எழுபது போல் இருந்தவை பத்து என்ற அளவுக்கு வந்துவிட்டன. வெளியிலிருந்து ஏழு ஆண்கள் வந்து சேர்ந்த பிறகே கூட்டம் தேறியது. எண்ணிக்கை பின்னர் நூறைத் தொட்டாலும், எல்லாம் ஏறக்குறைய 15 மூதாதையரின் வாரிசுகள். இப்படி மரபணு வேறுபாடு சுருங்கிய கூட்டத்தில் ஒரு நோய் புகுந்தால், ஒரு சிங்கம் தாங்காத நோயை மற்ற எதுவுமே தாங்காமல் போகலாம்.

கிர் சிங்கங்களும் அப்படித்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜூனாகத் நவாபின் காட்டில் எஞ்சிய ஒரு சிறு கூட்டத்திலிருந்து வந்தவை அவை. 2018 செப்டம்பரில் கிர் கிழக்கின் தல்கானியா சரகத்தில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. சோதனையில் டிஸ்டெம்பரும் இருந்தது, பபேசியாவும் இருந்தது. செரங்கெட்டியின் அதே ஜோடி. வனத்துறை சுற்றுவட்டாரத்துச் சிங்கங்களைப் பிடித்துத் தனிமைப்படுத்தியது, அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைத்துப் போட்டது. அந்தப் பரவல் அதோடு அடங்கியது. 2015-இல் 523 ஆக இருந்த எண்ணிக்கை, 2025 கணக்கெடுப்பில் 891.

மகிழ்ச்சியான எண்தான். ஆனால் அத்தனையும் குஜராத்தின் ஒரு மூலையில், ஒன்றையொன்று எளிதில் தொட்டுவிடும் தூரத்தில். இன்னொரு இடத்திலும் ஒரு கூட்டம் வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு ஆறு மாதத்தில் சிங்கங்களை அனுப்பத் தொடங்கச் சொன்னது. சிங்கம் எங்கள் மாநிலத்தின் பெருமை என்று குஜராத் விடவில்லை. அந்தப் பெருமை புரிகிறது, நல்ல முறையில் காப்பாற்றியவர்கள் அவர்கள். ஆனால் டிஸ்டெம்பருக்கு மாநில எல்லை தெரியாது. வறட்சியும் உண்ணியும் வைரஸும் ஒரே ஆண்டில் அங்கே கூடினால் என்ன ஆகும் என்பதற்கு செரங்கெட்டியின் கணக்கு நம் கையில் இருக்கிறது.

குனோவில் 2022 முதல் ஆப்பிரிக்கச் சிவிங்கிகள் (சீட்டா) திரிகின்றன. சிங்கம் வரப்போகிறது என்று அங்கிருந்து 24 கிராமங்களைக் காலி செய்தார்கள். அந்த மக்கள் வெளியேறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சிங்கம் இன்னும் வரவில்லை.