அம்பயர் தொலைத்த எழுத்து

விரலை உயர்த்தி ஆட்டக்காரரைப் பெவிலியனுக்கு அனுப்பும் அம்பயரின் பெயரில் ஓர் எழுத்து தொலைந்துபோயிருக்கிறது. மூலம் பழைய பிரெஞ்சுச் சொல்லான 'நோன்பேர்'. 'நோன்' என்றால் இல்லை, 'பேர்' என்றால் இணை. சச்சரவிடும் இருவரில் யாரோடும் சேராமல் ஒற்றையாக நிற்கும் மூன்றாம் ஆள் என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் தலையில் 'ந' இருந்தது. அப்புறம்தான் கழன்றது.

திருடியது யார் என்று ஏப்ரனிடம் கேட்கலாம். சமையலறையில் இடுப்பில் கட்டுகிற இந்தத் துணி முன்பு 'நேப்ரன்'. மேசைவிரிப்பைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வாரிசு. நாப்கினும் அதே குடும்பம்தான். நமக்கு ஒரு, ஓர் இருப்பதுபோல ஆங்கிலத்தில் மெய்யொலிக்கு முன் 'அ', உயிரொலிக்கு முன் 'அன்' வரும். 'அ நேப்ரன்', 'அன் ஏப்ரன்' இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். காதுக்கு வித்தியாசம் தெரியாது.

தெரியாததற்குக் காது காரணமல்ல. பேச்சைப் பதிவுசெய்து அதன் அலைவடிவத்தைத் திரையில் பார்த்தால், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெற்றிடம் இருக்காது. எங்காவது ஓர் இடைவெளி தென்பட்டால், அது பெரும்பாலும் 'ப', 'ட' போன்ற வல்லினத்துக்காக வாய் ஒரு கணம் அடைபட்ட இடம். சொல்லின் நடுவயிற்றிலும் அது வரும். எங்கே வெட்டுவது என்பதை, ஏற்கெனவே தெரிந்த சொற்களை வைத்து மூளைதான் ஊகிக்கிறது. சொல்லே புதிதென்றால் ஊகம் எந்தப் பக்கமும் சாயலாம்.

இந்தச் சிக்கல் நம் இலக்கண ஆசிரியர்களுக்குப் பழக்கமானது. நன்னூல் சொல்லும் 'பொதுமொழி' வேறென்ன? 'எட்டு' என்பது ஓர் எண். 'எள்+து' என்று பிரித்தால் எள்ளைத் தின் என்றாகும். 'தாமரை' பூ, 'தா+மரை' என்றால் தாவுகிற மான். நாம் இரண்டு பொருளையும் வைத்துக்கொண்டு ரசித்தோம். ஆங்கிலத்தில் தப்பான வெட்டு சரியான சொல்லையே விழுங்கிவிட்டது.

விரியன் வகைப் பாம்பான 'ஆடர்' பழைய ஆங்கிலத்தில் 'நாட்ரே'. ஒரே வேரிலிருந்து வந்த ஜெர்மன் சொல் இன்றும் 'நாட்டர்'தான். ஜெர்மானியர்களின் பாம்புக்குத் தலை பத்திரமாக இருக்கிறது. 'அந்தப் பாம்பு' என்று சொல்லும்போது முன்னால் 'அ', 'அன்' குழப்பமே வராது, சரியான வடிவம் கேட்டிருக்கும். அப்படியிருந்தும் தவறு எப்படி வென்றது? எழுத்துக்கூட்டல் நிலைபெறாத, பெரும்பாலோர் படித்தறியாத காலம் என்பது ஒரு பாதி. புதிதாகப் பேசக் கற்ற குழந்தைகள் தாங்கள் வெட்டியபடியே பிடித்துக்கொண்டார்கள் என்பது மறுபாதியாக இருக்கும் என்பது என் எண்ணம்.

களவு எதிர்த்திசையிலும் நடந்தது. 'ஈக்' என்ற பழஞ்சொல்லுக்குக் கூடுதல் என்று பொருள். இட்ட பெயருக்கு மேல் ஒட்டிய கூடுதல் பெயர், 'அன் ஈக்நேம்'. அது 'அ நீக்நேம்' ஆகி, 'நிக்நேம்' என்று நின்றுவிட்டது. செல்லப்பெயர்களிலும் இதே கைவரிசை உண்டு. 'என்' என்பதற்குப் பழைய ஆங்கிலேயர்கள் உயிரொலிக்கு முன் 'மைன்' என்பார்கள். 'மைன் எட்' என்று கொஞ்சிக் கொஞ்சி எட்வர்டுகள் 'நெட்' ஆனார்கள்.

1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கினார். சொற்களுக்கு நடுவே அச்சில் விழுந்த வெள்ளை இடைவெளி பரவப் பரவ இந்தக் களவும் குறைந்தது.

ஆரஞ்சு மட்டும் ஆங்கிலத்துக்கு வரும்முன்பே 'ந'வைத் தொலைத்திருந்தது. திராவிட மூலம் கொண்டதாகப் பலரும் கருதும் சொல் அது: வடமொழியில் 'நாரங்க', பாரசீகத்தில் 'நாரங்', அரபியில் 'நாரஞ்ச்'. ஸ்பானியர்கள் 'நரன்ஹா' என்று 'ந'வைக் காப்பாற்றினார்கள். இத்தாலியிலும் பிரான்சிலும் 'ஒரு' அதைத் தின்றுவிட்டது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் நாரத்தை முழுதாக இருக்க, தலையில்லாத ஆரஞ்சையும் நாம் வாங்கி வைத்துக்கொண்டோம்.