அடி விழும்போது கேமரா எங்கே நிற்கிறது?

சினிமாவில் ஒரு போலீஸ் விசாரணை அறை. ஒற்றை விளக்கு, நாற்காலியில் கட்டிப்போடப்பட்ட ஒருவர். கேமரா அதிகாரியின் தோளுக்குப் பின்னால் நிற்கிறது. ஓங்கிய கை இறங்குகிறது. அந்த நொடியில் அடித்தவரின் முகம் திரையில் இல்லை, கை மட்டும்தான். அடுத்த ஷாட்டில் அவர் முகம் குளோசப்பில் வருகிறது, கண் கலங்கியிருக்கிறது. அடிபட்டவரின் முனகல் தேய, வயலின் எழும்புகிறது. நமக்குத் தொண்டை அடைக்கிறது, அடித்தவருக்காக!

அடிக்கும்போது ஆளை மறைத்து, அடித்த பிறகு முகத்தைக் காட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

முதல் பாதிக்கு ஆய்வு ஆதாரம் உண்டு. பிராடரிக் டர்னரும் சக ஆய்வாளர்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சம்பவத்தைச் சிலர் போலீஸ்காரர் உடலில் மாட்டியிருந்த கேமராவின் பதிவிலும், வேறு சிலர் வாகனக் கேமராவின் பதிவிலும் பார்த்தார்கள். உடல் கேமராவில் பார்த்தவர்களுக்கு 'வேண்டுமென்றே செய்தார்' என்ற எண்ணம் குறைவாகவே வந்தது. அந்தப் பதிவில் போலீஸ்காரரின் உருவம் அவ்வளவாகத் தெரியாது. ஆள் கண்ணில் படாதபோது அவருடைய நோக்கத்தையும் நாம் தேடுவதில்லை.

இரண்டாம் பாதி பழைய வித்தை. சுமார் நூறாண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரே முகத்தின் ஷாட்டை சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். முகம் மாறவே இல்லை. பார்த்தவர்களோ அதில் பசியையும் துயரத்தையும் கண்டார்கள். அதிகாரியின் முகம் வரும் ஷாட்டுக்கு முன்னால் அவருடைய இறந்துபோன மகளின் புகைப்படத்தை வையுங்கள். அடித்த கை துக்கத்தின் கையாகிவிடும்.

என்னை அதிகம் உறுத்துவது திரைக்கதையின் வேலை. குற்றம் நடந்ததை நாம் முதல் ரீலிலேயே கண்ணால் பார்த்துவிடுகிறோம். நாற்காலியில் இருப்பவன்தான் குற்றவாளி என்பது நமக்குத் தெரியும். நிஜ விசாரணை அறையில் இருப்பது சந்தேகம் மட்டுமே. நம்முடைய உறுதியைக் கடன் வாங்கித்தான் திரையில் அந்த அதிகாரி அடிக்கிறார். அடித்ததும் உண்மையும் வந்துவிடுகிறது.

நிஜத்தில் வலியிலும் பயத்திலும் வருவது, கேட்பவர் விரும்பும் பதில். அடிகூட வேண்டாம், ஓயாத நெருக்கடியே போதும். 1989-ல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில் சிக்கிய ஐந்து பேரும் 14 முதல் 16 வயதுப் பையன்கள். பல மணி நேர விசாரணை பதிவாகவில்லை. அது முடிந்த பிறகுதான் வீடியோ ஓடியது. நான்கு பேர் கேமரா முன்னால் 'ஒப்புக்கொண்டார்கள்'. உளவியலாளர் டேனியல் லாசிட்டர் இத்தகைய வாக்குமூல வீடியோக்களைத்தான் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். சந்தேக நபரை மட்டும் காட்டும் வாக்குமூல வீடியோவைப் பார்ப்பவர்கள், அவர் தானாக முன்வந்து பேசுகிறார் என்றே நம்பினார்கள். விசாரிப்பவரையும் சேர்த்துக் காட்டியபோது அந்த நம்பிக்கை குறைந்தது. அந்த ஐந்து பேர்மீதான தண்டனையும் 2002-ல்தான் ரத்தானது, வேறொருவர் ஒப்புக்கொண்டு, அவருடைய டிஎன்ஏவும் பொருந்திய பிறகு.

அடுத்த முறை இப்படி ஒரு காட்சி வந்தால் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அடிபட்டவரின் முகம் எத்தனை நொடி திரையில் இருக்கிறது என்று எண்ணுங்கள்.